இருபத்து மூன்று அடி

உட்காருங்கள், டாக்டரம்மா. மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலியில் உட்காருங்கள். புதுக்கோட்டையிலிருந்து நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். அந்தத் தடத்தில் காலை வேளையில் உட்கார இடம் கிடைக்காது. என்ன? டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்கிறீர்களா? இருக்கட்டும். இதற்கு முன் வந்துகொண்டிருந்த நஸ்ரின் என்ற பெண்ணும் இப்படித்தான் திருத்துவாள். காலைத் தொட்டு நடக்க வைக்கிறவரை நான் டாக்டர் என்றுதான் அழைப்பேன். மரியாதையில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை.

நோயாளி உள் அறையில் இருக்கிறாள். என் மனைவி. பெயர் உமையாள், வயது அறுபத்திரண்டு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த வீட்டில் நானும் அவளும்தான். பார்க்கலாம், அவசரம் இல்லை. அவள் எங்கே எழுந்து போய்விடப் போகிறாள்?

முதலில் நான் உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்திற்கு இன்னும் நூற்றுப் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் அவள் நடக்க வேண்டும். நடப்பது என்றால் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லவில்லை. இந்தப் பொன்னமராவதியிலிருந்து பழனி வரை, நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஐந்து நாள் நடை.

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி. நஸ்ரின் சிரித்தாள், அதனால் கேட்டேன்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஊரில் செக்கர் வைரவன் என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். முப்பத்தொரு ஆண்டு பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தேன். ஏறியவுடன் நான் சீட்டைக் கேட்பதில்லை, அம்மா. முகத்தைப் பார்ப்பேன். சீட்டு வாங்காதவன் ஜன்னலுக்கு வெளியே மிகவும் ஆர்வமாகப் பார்ப்பான். ஒன்றுமில்லாத பொட்டல் காட்டை ஊர்வலம் போகிறதுபோலப் பார்ப்பான். நேரே போய் அவன் தோளைத் தொடுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. பொய் என் கண்ணுக்குத் தப்பாது.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன், கேளுங்கள். இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சிங்கம்புணரியில் ஒருவன் சீட்டு வாங்காமல் கடைசி இருக்கைக்கு அடியில், நெல் மூட்டைகளுக்கு இடையில் சுருண்டு கிடந்தான். ஒன்றரை மணி நேரம். அன்று நான் ஏறினேன், பார்த்தேன், இறங்கினேன். அவன் என் கண்ணில் படவில்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அவன் இறங்கவேண்டிய இடமும் அதுவேதான். அப்போது என்ன நடந்தது? மடக்கிக் கிடந்த கால் மரத்துப்போய், படியில் வைத்தவுடன் பொத்தென்று என் முன்னாலேயே விழுந்தான். “ஐயா, அடிக்காதீங்கய்யா, காலு மரத்துப்போச்சுய்யா” என்று அழுதான். நான் அடிக்கவில்லை. அபராதம் மட்டும் விதித்தேன். நான் பார்க்காததை அவனுடைய கால் காட்டிக்கொடுத்தது. நேர்மையற்று அடைந்ததை மனிதனுடைய உடம்பே ஒருநாள் வெளியே சொல்லிவிடும். அதுதான் கருத்து.

இதை உமையாளுக்கு வாரம் ஒருமுறையாவது சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். கேட்பதில் பொறுமைசாலி.

சரி, கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு வைகாசியில் கொல்லையில் துணி உலர்த்தும்போது வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. மதுரையில் அறுவை செய்து கம்பியும் திருகும் வைத்தார்கள். அறுவை அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கேதான் நேர்ந்துகொண்டேன். முருகா, இவளை எழுப்பிக்கொடு. வருகிற பூசத்திற்கு உன் சன்னிதிக்கு இவளை நடத்தியே கூட்டிவருகிறேன். இருபத்தேழு ஆண்டாகப் பாதயாத்திரைக் குழுவின் தலைவர் நான். அத்தனை பேரை நடத்திப் போனவன், சொந்த மனைவியை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை. குழுவுக்குச் சமைக்க வேண்டிய மளிகையை அளந்து கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பாள். அந்தக் குறையும் தீரும் என்று நினைத்தேன்.

அவளிடம் கேட்டேனா என்கிறீர்களா? அவள் மயக்கத்தில் இருந்தாள், அம்மா. எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் நஸ்ரின் வந்தாள். வாரம் மூன்று நாள். சின்னப் பெண், ஆனால் வேலையில் குறை சொல்ல மாட்டேன். முதலில் படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னாள். பிறகு முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தச் சொன்னாள். இதென்ன விளையாட்டு என்று கேட்டேன். “ரத்தம் ஓடணும் ஐயா. தொடைத் தசைதான் மூட்டைத் தாங்குது. படுத்தே கிடந்தா ரெண்டே வாரத்துல அது கரைஞ்சிரும்” என்றாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். பிறகு நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தாள். உமையாள் அழுதாள். அந்தப் பெண் விடவில்லை. “வலி வேற, கெடுதி வேற ஆத்தா. பயிற்சி முடிச்சு ஒரு மணி நேரத்துல அடங்குற வலி நல்ல வலி. மறுநாள் காலையிலயும் இருந்தா என்கிட்ட சொல்லணும், நான் குறைச்சுக்குவேன்.” எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. முதல் பாதி மட்டும். அதை அப்படியே குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். வலி வேறு, கெடுதி வேறு. கைதட்டினார்கள்.

கட்டிலிலிருந்து குளியலறை வரை நஸ்ரின் புள்ளி வைத்தாள். சாக்பீஸ் அழிந்துவிடும் என்று சொல்லி, தன் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துத் தரையில் சிவப்புச் சிவப்பாக வைத்தாள். இருபத்து மூன்று புள்ளி. புள்ளிக்கு ஓர் அடி. சுவரில் இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் கம்பி போடச் சொன்னாள். துருப்பிடிக்காத கம்பியாக நானே வாங்கிப் பொருத்தினேன். முதல் வாரம் நாலு புள்ளி. அடுத்த வாரம் ஒன்பது. ஆவணி பிறந்தபோது ஒருநாள் குளியலறைக் கதவு உட்பக்கம் தாழிடும் சத்தம் கேட்டது. நான் பதறிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து உமையாள், “போங்க அங்கிட்டு, நான் குளிக்கிறேன்” என்றாள். அத்துடன் பாட்டு வேறு. நாற்பது ஆண்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

வெளியே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பெண்ணிடம் சொல்கிறாள்: “எனக்கு இது போதும் நஸ்ரினு. யாரையும் கூப்பிடாம நானாப் போயி நானா வந்தேன் பாரு, இது போதும்.”

போதுமாம்! கவனியுங்கள், அம்மா. உயிரைத் திருப்பிக் கொடுத்த கடவுளிடம் ஒருத்தி கேட்பது ஒரு குளியலறையின் தூரம். மனிதருக்கு ஆசையிலும் ஓர் உயரம் வேண்டாமா? நான் அன்றே அவளுக்கு நேர்த்திக்கடனைச் சொன்னேன். அவள் துண்டைக் கொடியில் போட்டாள். பிறகு, “வண்டியில போயி கும்பிட்டா சாமி ஏத்துக்காதாங்க?” என்றாள். நான் சீட்டு வாங்காதவன் கதையைச் சொன்னேன்.

மார்கழியில் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அதில் பெட்டி கட்டிப் போட்டிருந்தோம்: ‘இடுப்பு முறிந்தும் முருகன் அருளால் எழுந்து நடக்கும் திருமதி உமையாள் வைரவன் இவ்வாண்டு குழுவுக்கு முன் நடந்து வருகிறார்.’ நஸ்ரின் அதைப் படித்துவிட்டுத்தான் சிரித்தாள். வேடிக்கைக்கு அச்சடித்தது என்று நினைத்திருக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

“ஐயா, இவங்க இப்ப ஒரு நாளைக்குத் தெருமுனை வரைக்கும் போயிட்டு வர்றாங்க. எலும்பு இன்னும் முழுசாக் கூடலை. இடது காலு ஒரு விரக்கடை குட்டையாயிருச்சு, அதுக்குத்தான் அடியில கட்டை வச்ச செருப்பு குடுத்திருக்கேன். கம்பி தாங்குற பாரத்துக்கும் ஒரு அளவு இருக்கு. காலு சின்னப்பிள்ளை மாதிரி ஐயா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். தரதரன்னு இழுத்துட்டுப் போகக் கூடாது.”

நான் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். அம்மா, உன் மார்க்கம் வேறு, உனக்கு நேர்த்தியின் அருமை தெரியாது என்றேன்.

“எங்களுக்கும் நேர்ச்சை இருக்குங்கய்யா. எங்கம்மா எனக்காக நாகூருக்கு நேர்ந்துக்கிட்டாங்க. அவங்கதான் போனாங்க. அடுத்தவங்க காலை வச்சு நாங்க நேர்றதில்லை.”

எப்படி இருக்கிறது பாருங்கள். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு. அன்றோடு அவளை நிறுத்திவிட்டேன். போகும்போது உமையாளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ காதில் சொன்னாள். உமையாள் என்னைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அதுதான் குடும்பப் பெண்ணுக்கு அடையாளம்.

தை மாதம் புறப்பட்டோம். எண்பத்தாறு பேர். விரதம் இருப்பவர் செருப்பு அணியலாகாது. அந்தக் கட்டைச் செருப்பை வீட்டிலேயே வைத்துவிடச் சொன்னேன். ஊன்றுகோலையும் வாங்கி வைத்துவிட்டேன். வேல் முன்னால் போகும்போது கோல் எதற்கு? முதல் நாள் நன்றாகவே நடந்தாள். சற்று விந்தி விந்தி. வழியெல்லாம் பெண்கள் அவள் காலில் விழுந்தார்கள். ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அவள் பாதத்தில் போட்டாள். அவள் என்ன செய்ய வேண்டும்? திருநீறு பூசி வாழ்த்த வேண்டும். அதை விட்டுவிட்டு, “குழந்தையைத் தூக்கு ஆத்தா, என்னால குனிய முடியலை” என்றாள். நான்தான் பூசினேன்.

மூன்றாம் நாள் நத்தத்தைத் தாண்டியதும் நடை தளர்ந்தது. எங்கள் குழுவுக்குச் சமைக்கிற சோலையப்பன் வந்து, “சாமி, ஆத்தா முகமே சரியில்லை. காலு வீங்கிக் கிடக்கு. சமையல் வண்டியில ஏத்திக்கிருவோம்” என்றான். அவனுக்கு வண்டியில் பாத்திரம் ஏற்றத்தான் தெரியும். முன்னால் நடப்பவளை ஏற்றினால் பின்னால் நடக்கிற எண்பத்தைந்து பேரின் உறுதி என்ன ஆகும்? அவனை அடுப்பைப் பார்க்கச் சொன்னேன். போகும்போது முணுமுணுத்தான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். “முருகன் எங்க கேட்டாரு? இவருதான் கேக்குறாரு” என்றான். அடுத்த ஆண்டுக்கு வேறு சமையல்காரர் பார்த்திருக்கிறேன்.

உமையாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இன்னும் எவ்வளவு தூரங்க?”

கொஞ்ச தூரம்தான் என்றேன்.

“நேத்தும் அதைத்தான் சொன்னீங்க.”

வேடிக்கையாகப் பேசுவாள். வலியிலும் வேடிக்கை பேசுவது பெரிய குணம். நான் அப்போது அவளுக்கு வலி வேறு, கெடுதி வேறு என்ற வாக்கியத்தை நினைவுபடுத்தினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சாணார்பட்டிக்கு அருகில், வெயில் ஏறிய நேரம். நான் வேலோடு முன்னால். அவள் எனக்கு வலப்பக்கம். திடீரென்று சாலையில் முகம் குப்புற விழுந்தாள். கைகள் இரண்டும் தலைக்கு முன்னால் நீண்டிருந்தன. தூரத்தில் மலை தெரிந்ததோ என்னவோ, பரவசத்தில் விழுந்து வணங்குகிறாள் என்று நினைத்தேன். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ‘அரோகரா’ என்று குரல் கொடுத்தேன். குழு முழுவதும் ‘அரோகரா’ என்றது. மூன்று முறை. அவளும் கீழே கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். அவளும் அரோகராதான் சொல்கிறாள் என்று நினைத்தோம். சோலையப்பன்தான் ஓடிவந்து, “அட கிறுக்கனுகளா, வாயை மூடுங்கடா” என்றான். அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கம்பி முறிந்திருந்தது. சமையல் வண்டியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம்.

நானா? நான் எப்படிப் போவது, அம்மா? எண்பத்தைந்து பேரை நடுச்சாலையில் விட்டுவிட்டா? கடமை என்பது நமக்கு வசதியான பக்கம் திரும்புவதில்லை. பழனிக்குப் போய், வேலைச் சேர்ப்பித்து, அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து, ஆறாம் நாள் பஞ்சாமிர்தத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். இடுப்பையே மாற்றிச் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். அந்த அறுவை மருத்துவர் எல்லார் முன்னாலும் கத்தினார். “யாரும்மா உங்களை நடக்கச் சொன்னது?” என்று கேட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். உமையாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: “நானாத்தான் டாக்டர் நடந்தேன்.”

பார்த்தீர்களா? ஒரு சொல்லால் கணவனுடைய மானத்தைக் காத்தாள். இந்தக் காலத்துப் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள். பஞ்சாமிர்தத்தை மட்டும் தொடவில்லை. வாய்க்கசப்பு.

ஆக, நேர்த்தி பாதியில் நிற்கிறது. சாணார்பட்டியோடு நிற்கிறது. கடவுளிடம் பாதி கொடுத்துவிட்டு மீதியை மறந்துவிட முடியுமா? அதனால்தான் வருகிற தை.

இப்போது நீங்கள் தீர்க்க வேண்டிய புதிர் இதுதான். எட்டு மாதம் ஆகிறது. படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு அருமையாகப் பொருந்தியிருக்கிறதாம். இவர் இரண்டு மாதத்திலேயே எழுந்து நடந்திருக்க வேண்டுமே என்கிறார் மருத்துவர். பங்குனியில் ஒரு பையன் பயிற்சி கொடுக்க வந்தான். அவன் காலைத் தூக்கினால் அது துணிப்பொம்மையின் கால்போலத் தொப்பென்று விழுகிறது. “முடியலைங்க.” எதைச் சொன்னாலும் இந்த ஒரு சொல். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஆனியில் ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தாள். நீ எழுந்துவிட்டால் போதும், இந்த முறை நான் உன் பக்கத்திலேயே கையைப் பிடித்து நடத்திப் போகிறேன் என்று சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து விரலைக்கூட அசைக்கவில்லை.

சோம்பல் என்று நினைக்கிறீர்களா? நானும் ஐயப்பட்டேன். அதனால் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிப்பது என் தொழில் அல்லவா?

வீட்டு வேலைக்குப் பஞ்சவர்ணம் என்று ஒருத்தி வருகிறாள். காலையில் வந்து துடைத்துவிட்டு, உடை மாற்றிவிட்டு, பதினொரு மணிக்குப் போவாள். மாலை ஐந்துக்குத் திரும்புவாள். நான் பகல் உணவு முடிந்ததும் எங்கள் குழு கட்டுகிற அன்னதான மண்டப வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்ப ஐந்தாகும். இடையில் வீட்டில் உமையாள் தனியே. எழ முடியாதவளுக்கு என்ன ஆபத்து? ஆனால் நான் திரும்பிவந்து பார்த்தால் குளியலறைத் தரை ஈரமாக இருக்கிறது. சோப்பு மேல் தட்டுக்கு வந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பி, யாரோ நாள்தோறும் தேய்த்ததுபோல நடுவில் மட்டும் பளபளக்கிறது. ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்தேன். எட்டு மாதம் தரையில் படாத கால், குதிகாலில் தூசி!

யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பஞ்சவர்ணம் நான் இல்லாத நேரத்தில் வந்து நம் குளியலறையில் குளிக்கிறாள்! நோயாளியின் காலைச் சரியாகத் துடைப்பதும் இல்லை. கூப்பிட்டு விசாரித்தேன்.

“ஐயா, நான் ஏன்யா இங்க குளிக்கப் போறேன்? என் வீட்டுல குழாய் இருக்குல்ல?” என்றாள்.

அப்படியானால் யார் குளித்தது, உமையாளா எழுந்துபோய்க் குளித்தாள் என்று ஒரு போடு போட்டேன். அவள் திறந்த வாயை மூடவில்லை. கட்டிலைப் பார்த்தாள். உமையாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்கய்யா, நான்தான் குளிச்சேன். மன்னிச்சிருங்க” என்றாள்.

தப்புமா என் கண்ணுக்கு? ஒரே கேள்வியில் ஒப்புக்கொண்டாள். வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன். உமையாள்தான், “அவளை ஒண்ணும் செய்யாதீங்க. பாவம், குளிச்சிட்டுப் போகட்டும்” என்றாள். இரக்க குணம்.

இவ்வளவுதான். இப்போது உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையை மட்டும் சொல்லுங்கள். இனிப்பாகச் சொல்ல வேண்டாம். நடப்பாள் என்றால் இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள், தைக்குள் முடிய வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி. நான் இங்கேயே இருக்கிறேன்.

*

வாருங்கள். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காப்பி ஆறிவிட்டது, பஞ்சவர்ணத்தை வேறு போடச் சொல்லட்டுமா? வேண்டாமா? உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. நீங்கள் பேசியதைவிட அவள் பேசியதுதான் அதிகம் போலிருந்தது. என்னிடம் ஒரு மாதத்தில் அவ்வளவு பேச மாட்டாள். நடுவில் ஒருமுறை சிரிப்பு கேட்டதே? நீங்கள் சிரித்ததா?

சரி. சொல்லுங்கள்.

...முடியாதா?

தசையில் பலம் இல்லை. நரம்பும் சரியில்லை. புரிகிறது. பழனிக்கு நடக்க முடியாது என்கிறீர்கள். அடுத்த ஆண்டு? அதற்கடுத்த ஆண்டு? ...என்றைக்குமா?

ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. பழனியை விடுங்கள். வீட்டுக்குள்? நாலு அடி? யோசித்துச் சொல்லுங்கள், அம்மா. உங்கள் வாயிலிருந்து வருவதை நான் அப்படியே ஏற்கப்போகிறேன். ...எழுந்து நிற்கவே மாட்டாள். அப்படித்தானே? எழுந்து நிற்கவே மாட்டாள்.

நன்றி. நேராகச் சொன்னீர்கள். உங்கள் கண் கலங்கியிருக்கிறது. இருந்தும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். சீட்டு வாங்காதவன் ஜன்னலைப் பார்ப்பான் என்றேன் அல்லவா? நீங்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை. உண்மை பேசுகிற முகத்தை நான் ஆயிரம் முகத்தில் கண்டுபிடிப்பேன்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்பதற்கும் ஒரு பெருந்தன்மை வேண்டும், அம்மா. கிடைக்காததைப் பற்றிக்கொண்டு அழுகிறவனைவிட, இருப்பதை வைத்துக் கடமையைச் செய்கிறவன் மேலானவன். நேர்த்தியை முருகன் மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறேன். இனி அவளைப் பழனிக்குக் கூப்பிட மாட்டேன். இது சத்தியம். போதுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்ல சிரிப்பு. உள்ளே கேட்ட அதே சிரிப்பு.

இனி அவளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பாருங்கள். நான் அரைகுறையாக எதையும் செய்வதில்லை. நாளைக் காலையிலிருந்து ஒரு பெண்ணை வீட்டோடு தங்க வைக்கப் போகிறேன். மருத்துவமனையில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், கண்டிப்பானவள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பகல் முழுவதும். ஒரு நிமிடம்கூட உமையாள் தனியே இருக்க வேண்டாம். இருபக்கமும் தடுப்பு வைத்த கட்டில் ஒன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் முடிவுக்காகத்தான் காத்திருந்தேன். குளிப்பாட்டுவது, மற்றது எல்லாம் படுத்த இடத்திலேயே. எழவே வேண்டாம்.

பிறகு அந்தக் கைப்பிடிக் கம்பி. நடக்காத வீட்டில் அது எதற்கு? மண்டபப் படிக்கு அப்படி ஒன்று தேவைப்படுகிறது. வயதான பக்தர்கள் பிடித்து ஏறுவார்கள். ‘உமையாள் வைரவன் உபயம்’ என்று பெயர் பொறிக்கச் சொல்கிறேன். அவள் நடக்காவிட்டாலும் அவள் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பேர் நடப்பார்கள். எவ்வளவு பெரிய புண்ணியம்! வெல்டர் இப்போது மண்டபத்தில்தான் இருக்கிறான். கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவான். அந்தச் சிவப்புப் புள்ளிகளையும் தின்னர் போட்டுத் துடைத்துவிடலாம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்?

கம்பி இருக்கட்டுமா? எதற்கு, அம்மா? எழுந்து நிற்கவே மாட்டாள் என்று இப்போதுதானே சொன்னீர்கள்? ஆயாவும் வேண்டாமா? பகலில் சற்றுத் தனியே விட்டால் மனதுக்கு நல்லதா? எழ முடியாதவளைத் தனியே விடுவது மனதுக்கு நல்லதா? நீங்கள் படித்தவர், நீங்களே இப்படிப் பேசலாமா?

இல்லை, கேட்கிறேன். நடப்பாள் என்றால் சொல்லுங்கள். கம்பியைத் தொடவே மாட்டேன். ஆனால் நடப்பாள் என்றால் தைப்பூசம் இருக்கிறது. என் சத்தியம் நடக்காதவளுக்குத்தான். இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

சொல்லுங்கள், அம்மா.

...ஏன் இப்போது ஜன்னலைப் பார்க்கிறீர்கள்? அங்கே ஒன்றும் இல்லையே, வெறும் தெருதானே? புரிகிறது. நோயாளிமேல் பாசம் வைத்துவிட்டீர்கள். முடியாது என்று சொன்னபிறகும் மனம் கேட்கவில்லை. நஸ்ரினும் இப்படித்தான். உங்கள் தொழிலில் இருக்கிற பெண்களுக்கு இது ஒரு பலவீனம். போகப் போகச் சரியாகிவிடும்.

ஹலோ, வெல்டரா? வைரவன் பேசுகிறேன். ஆமாம், வீட்டுக்கு வா. கம்பியைக் கழற்றணும். இப்பவே. தின்னர் ஒரு பாட்டில் எடுத்துக்க.

இருங்கள், டாக்டரம்மா, நல்ல செய்தியை அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது, இங்கிருந்தே கேட்கும்.

உமையாள்! கேட்டாயா? டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். பழனி இல்லை. பயிற்சி இல்லை. இனிமேல் நீ ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம்.

பாருங்கள். சந்தோஷத்தில் அழுகிறாள்.